இருபத்தைந்தாவது வாஷர்

பாலக்கரை அற்புதசாமி தன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார் என்று யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். குழாய் ரிப்பேர் செய்கிறவன் பொய் சொல்லாமல் பிழைக்க முடியாது. "நாளைக்குக் காலையிலே வந்துடறேங்க" என்பதுதான் அந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ளும் வாக்கியம். ஆனால் அவருக்குச் சோறு இறங்காமல் செய்த பொய் ஒன்றே ஒன்றுதான். அது காலணா அகலம் இருந்தது.

நான் அதே தண்ணீர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். அவர் ஆபீசின் பிட்டர். பொன்மலையில் கொஞ்ச காலம் இரும்பு வேலை பழகிவிட்டு, முப்பதாம் வருஷம் ஸ்ரீரங்கத்துக் குழாய் வேலைக்கு வந்தார். தினமும் காலையில் பாலக்கரையிலிருந்து சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டி வருவார். ஹாண்டில்பாரில் ஒரு காக்கிப் பை, அதில் ஸ்பேனரும் சணலும் வெள்ளை ஈயமும். கறுத்த, ஒல்லியான, எதற்கும் சிரிக்கிற மனுஷர். வீட்டில் லூர்தம்மாளும் இரண்டு பெண்களும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறமாட்டார். மற்றபடி அவரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, மடைப்பள்ளிச் சந்துக்குக் குழாய் போகிறவரை.

மடைப்பள்ளிச் சந்து என்பது பதினொரு வீடுகள் கொண்ட முட்டுச்சந்து. பெரிய வீதியில் குழாய் வந்து நாலு வருஷம் ஆகியும் சந்துக்குள் வரவில்லை. பதினொரு வீட்டுக்காகப் பூமியைத் தோண்ட நகரசபைக்கு மனமில்லை. குடிப்பதற்குச் சந்தின் கோடியில் ஒரு பொதுக்கிணறு இருந்தது. கால் வலுவுள்ளவர்கள் காவேரிக்குப் போனார்கள். மற்றவர்களுக்குக் கிணறுதான். முப்பத்தாறாம் வருஷம் சித்திரைத் தேருக்கு வந்த கூட்டத்தோடு காலராவும் வந்தது. சந்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களில் மூன்று பேர் போனார்கள். அதில் ஒன்று நாலாம் வீட்டுக் குழந்தை, ஆறு வயது. ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் சௌரிராஜனின் பேரன், அவருடைய மாட்டுப்பெண் வேதவதியின் ஒரே பிள்ளை.

அதற்குப் பிறகு சௌரிராஜன் ஆளே மாறிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் ஆபீசுக்கு வந்துவிடுவார். மனு மேல் மனு. கடைசியில் நகரசபை இறங்கி வந்தது: செலவில் பாதியைச் சந்துக்காரர்கள் ஏற்றால் குழாய் வரும். வாத்தியார் பத்து வீட்டை மடக்கிவிட்டார். பதினோராவது வீடு வரதாச்சாரியாருடையது. அவர் இல்லாமல் அந்தச் சந்தில் எதுவும் நடக்காது. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"குழாய்க்குள்ளே தோல் இருக்காமே?"

இருந்தது. குழாயைத் திருகி மூடும்போது தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கிற ஒரு வட்டத் துண்டு. அதற்கு வாஷர் என்று பெயர். அந்தக் காலத்தில் அதைத் தோலில்தான் வெட்டினார்கள். செத்த மாட்டின் தோலில் பட்டு வருகிற தண்ணீரைப் பெருமாள் திருவாராதனத்துக்கு எப்படி வைப்பது? இதனாலேயே மற்ற வீதிகளில் குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டு, குடிக்கவும் தளிகை சமைக்கவும் ஆற்றுக்கு நடந்தார்கள். கேலியாகத் தோன்றலாம். அவர்களுக்கு அது உயிர் போகிற விஷயம்.

ரப்பரிலும் வாஷர் உண்டு என்று சொன்னது அற்புதசாமிதான். விலை அதிகம், ஆபீசில் வாங்கமாட்டார்கள், மதராஸில் கிடைக்கும் என்றார். சௌரிராஜன் அதைப் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. நகல் எடுத்தவன் நான்தான். பூமிக்கடியில் இருக்கும் குழாய் நகரசபையுடையது, தண்ணீர் நகரசபையுடையது, வாஷர் மாத்திரம் சந்துக்காரர்களுடையது. ரப்பரைத் தவிர வேறெதுவும் குழாயில் ஏறாது என்று பிட்டர் சத்தியம் செய்ய வேண்டும். வரதாச்சாரியார் வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். அவருடைய வேதமில்லை, அற்புதசாமியின் வேதம். அந்த மட்டில் மனுஷர் நியாயஸ்தர்.

இரண்டு டஜன் வாஷர் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு சௌரிராஜன் வீட்டில் வைத்தார்கள். வருஷத்துக்கு இரண்டு போதும், பன்னிரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை என்று வாத்தியார் கணக்குச் சொன்னார். முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் சந்தில் பதினொரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய் வந்தது. கிணற்றுக்குப் பலகை போட்டு மூடினார்கள். அடுத்த வருஷமும் காலரா வந்தது. பெரிய வீதிகளில் ஆள் விழுந்தார்கள். மடைப்பள்ளிச் சந்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் வாத்தியாரின் கணக்கு ஒரு விஷயத்தில் பொய்த்தது. அவர் தேய்மானத்தைக் கணக்கிட்டாரே ஒழிய ஆசாரத்தைக் கணக்கிடவில்லை. கிரகணம் வந்தால் வீட்டில் பிடித்து வைத்த ஜலத்தைக் கொட்டிவிடுகிறோம், குழாயின் தொண்டைக்குள் நின்ற ஜலத்தை என்ன செய்வது? வாஷரை மாற்று. வைகுண்ட ஏகாதசி வருகிறதா, மாற்று. யாரோ வழிப்போக்கன் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டானா, மாற்று. புத்தம் புது ரப்பர் துண்டுகள் குப்பைக்குப் போயின. ஒவ்வொரு தடவையும் சந்தே கூடி நின்று பார்க்கும். மாற்றி முடித்ததும் அற்புதசாமிக்குச் சந்து வாசலில் இலை போட்டுப் புளியோதரையோ அக்காரவடிசலோ வைப்பார்கள்.

"வேணாங்க சாமி, இது இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "அந்த அக்காரவடிசல் வாயைக் கட்டிப் போட்டுச்சு."

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். ரப்பர் நாட்டிலிருந்தே மறைந்துபோயிற்று. மடைப்பள்ளிச் சந்து அதைச் செய்தியாகப் படித்துவிட்டு மடித்து வைத்தது. நாற்பத்திரண்டு மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு டின்னிலிருந்த கடைசி வாஷர் ஏறியது. அதுவும் ஐந்து வருஷம் டின்னிலேயே கிடந்து விறைத்த சரக்கு. சித்திரையில் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

அந்த மாதம்தான் ஆபீசில் உத்தரவு வந்திருந்தது. பம்பு எஞ்சினுக்கு எண்ணெய் தட்டுப்பாடு, ஒழுகும் தெருக்குழாய்களை உடனே சரி செய்ய வேண்டும், முடியாதவற்றை யுத்தம் முடிகிறவரை அடைத்துவிட வேண்டும். அடைத்தால் என்ன ஆகும் என்று அற்புதசாமிக்குத் தெரியும். கிணற்றின் பலகையை எடுப்பார்கள். தேர் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கீழ வீதிப் பக்கம் இரண்டு பேருக்கு வாந்திபேதி என்று சானிடரி இன்ஸ்பெக்டர் ஊசியோடு அலைந்துகொண்டிருந்தார்.

அற்புதசாமி படாத பாடில்லை. காந்தி மார்க்கெட்டைச் சுற்றி இரும்புக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்த காஜா மைதீன் பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். ஆபீஸ் குழாயில் மாட்டிப் பார்த்ததில் அது இரண்டே நாளில் வெற்றிலைச் சக்கை மாதிரி நைந்துபோயிற்று. டயர் கேட்டதற்கு, "பழைய டயரைக்கூட மிலிட்டரிக்காரன் எடை போட்டு வாங்கிட்டுப் போறான் அண்ணே. நான் எங்க போவேன்?" என்றார்.

ஆபீஸ் ஸ்டோரில் தோல் வாஷர் தாராளமாக இருந்தது. ஆனால் அதை எடுத்தால் எந்தக் குழாய்க்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மடைப்பள்ளிச் சந்து என்று எழுதிய எழுத்து நாளைக்கு வரதாச்சாரியார் கண்ணில் பட்டால்?

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் ஒழுக்கு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை குழாயை அடைத்துவிடு என்று சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அற்புதசாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் செருப்பைக் கழற்றினார். குதிகால் வைக்கிற இடத்தில் உள்தோல் நல்ல பதமாக இருந்தது. வட்ட உளியை வைத்து ஒரே தட்டு. வட்டமாக வந்தது. விளக்குக் கரியும் ஆமணக்கெண்ணெயும் சேர்த்துத் தேய்த்ததில் கறுத்து, ரப்பரைப் போலவே இருந்தது. லூர்தம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"செருப்பைத்தான் வெட்டணுமா? வேற தோலே ஊர்ல இல்லையா?"

"கடைக்குப் போனா எதுக்குன்னு கேப்பான்."

"அவங்க குடிக்கிற தண்ணிங்க அது."

"தெரியுதுடி. குடிக்கணும்னுதானே வெட்டறேன்."

சனிக்கிழமை காலை குழாய் ஒழுகவில்லை. டின்தான் காலியாயிற்றே என்று வரதாச்சாரியார் கேட்டதற்கு, "என் பையோட அடியிலே ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க சாமி" என்றார் அற்புதசாமி. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அன்றும் இலை போட்டார்கள். தயிர்சாதம் தொண்டையில் இறங்கவில்லை. மூடிச் சுருட்டிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "நீங்க சாப்பிடுங்க" என்றார். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அந்த மனுஷர் நரகத்தில் இருந்தார். வெளியாள் யாரானாலும் செருப்பைச் சந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இவர் விட்ட செருப்பில் காலணா அளவுக்கு ஓட்டை, ஊரே பார்க்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. கவிழ்த்து வைத்தார். "செருப்பைக் கவிழ்க்காதேடா, சண்டை வரும்" என்று வரதாச்சாரியார் திட்டினார். செருப்பே இல்லாமல் வர ஆரம்பித்தார். சித்திரை வெயிலில் கால் கொப்பளித்தது. சந்தில் யாருக்காவது வயிற்றுவலி என்று கேள்விப்பட்டால் முகம் வெளிறிவிடும். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் செய்த சத்தியம், அதனால் யாருக்கோ ஏதோ வரப்போகிறது என்று நம்பினார். செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. போனால் சுவாமியார், போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்பார். சொன்னால் குழாய் போய்விடும். சொல்லாமல் நன்மை, அதாவது சற்பிரசாதம், வாங்க மனசு வரவில்லை. பூசை முடிகிறவரை மாதா கோயிலின் கடைசித் தூணோரம் நின்றுவிட்டு வந்தார்.

ஆடிக் கடைசியில் சந்திர கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் இருந்தது. அற்புதசாமி பஞ்சாங்கம் பார்க்கிறவரல்ல. என்னிடம் வந்து கேட்டார். ஆமாம், ஞாயிறு நடுநிசிக்கு, என்றேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"லீவு போடலாமா?"

"போடுங்களேன். ஏன், என்ன?"

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். லீவு போட்டால் ஆபீசிலிருந்து வேறு ஆள் போவான். அவன் குழாயைத் திறந்து, "ஐயோ, தோல்" என்பான். அவரே போய்த்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை காலை சந்து முழுவதும் ஸ்நானம் செய்து ஈரத்தோடு நின்றது. குழாயின் கழுத்தில் தர்ப்பை கட்டியிருந்தார்கள். பித்தளைக் குடங்கள் வரிசையாக இருந்தன. கூட்டத்துக்குப் பின்னால், எல்லோருக்கும் கடைசியாக, வேதவதி தன் குடத்தோடு நின்றாள்.

அற்புதசாமி ஒரு திட்டம் வைத்திருந்தார். கழற்றுகிற மாதிரி கழற்றி, உள்ளங்கையில் மறைத்து, துடைத்து, அதையே புதுசு என்று திரும்பப் போட்டுவிடுவது. கரி இன்னும் போயிருக்காது என்று நம்பினார். வரதாச்சாரியார் அதில் மண்ணைப் போட்டார்.

"அற்புதம், பழசைக் கழட்டி என் கையிலே கொடு. ரப்பர் நாட்டிலேயே இல்லைங்கறா. உனக்கு மட்டும் எங்கேர்ந்து கிடைக்கறதுன்னு பார்க்கணும்."

"அது... பையிலே கிடந்துச்சுங்க சாமி."

"சரி, கழட்டு. பார்த்துடறேன்."

அற்புதசாமி ஸ்பேனரைக் குழாயின் தலையில் மாட்டினார். அது வழுக்கிக் கல்லில் விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியதாம். பதினொரு வீட்டுக்காரரும் பலகையை எடுத்துவிட்டுக் கிணற்றில் குடம் விடுகிற காட்சிதான் கண்ணை விட்டுப் போகவில்லையாம். சொல்லிவிடலாம், கழற்றுவதற்கு முன்னால் நாமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"நில்லு" என்றார் சௌரிராஜன்.

வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பள்ளிக்கூடத்துக் குரலில் பேசினார்.

"வரது, யோசிச்சுப் பேசும். இதைக் கழட்டி எறிஞ்சா மாத்திப் போட வேற கிடையாது. டின் காலி. யுத்தம் என்னிக்கு முடியும்னு யாருக்குத் தெரியும்? ஆபத்துக் காலத்துல சாஸ்திரமே வழி விடறது. ரெண்டு நாழி குழாயைத் திறந்து விட்டுடுவோம். ஓடற ஜலத்துக்கு தோஷமில்லை. காவேரியிலே கிரகணத்துக்கப்புறம் யாராவது மடையை மாத்தறாளா?"

வரதாச்சாரியார் குழாயைப் பார்த்தார். பிறகு சந்துக் கோடியில் பலகை மூடியிருந்த கிணற்றைப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஒரு பேத்தி இருந்தாள்.

"ஓடற ஜலம்னா சரிதான்" என்றார்.

தண்ணீர் ஓடியது. பம்பு எண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்று உத்தரவு போட்ட எங்கள் ஆபீஸ் பார்த்திருந்தால் நெஞ்சடைத்திருக்கும். பிறகு ஒவ்வொருவராகக் குடத்தை நிறைத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் குழாயடியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். பிட்டர், வாத்தியார், சற்றுத் தள்ளிக் குடத்தோடு வேதவதி.

அற்புதசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதே."

"இல்லீங்க சாமி, அந்த வாஷர்..."

"வாயை மூடு." வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "இருபத்து நாலு வாங்கினோம். இருபத்து நாலும் போட்டாச்சு. நான் கணக்கு வாத்தியார். இருபத்தஞ்சாவது எங்கேர்ந்து வந்ததுன்னு உன்னை ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கமாட்டேன். நீயும் சொல்லக்கூடாது. நீ சொல்லிட்டா, நாளைலேர்ந்து இந்தத் தீர்த்தத்தை நான் பெருமாளுக்கு வைக்க முடியாது. நான் விட்டா சந்தே விட்டுடும். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அது உன்னோடேயே இருக்கட்டும்."

நாலு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அற்புதசாமிக்குக் கோபமாகப் பொங்கியது. அவர் கோபப்பட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"குழாய்க்குப் பதினோரு வீடும் பங்கு போட்டீங்க. வாஷருக்கும் போட்டீங்க. தண்ணியைப் பங்கு போட்டுக் குடிக்கிறீங்க. பாவத்தை மட்டும் நான் ஒருத்தனே சுமக்கணுமா சாமி? நாலு மாசமா நான் நன்மை வாங்கலை. என்னால முடியலை. இதுக்கும் யாராவது ஒரு பங்கு போடுங்களேன்."

வாத்தியார் கெட்டவரல்ல. அவரால் முடியாது, அவ்வளவுதான். மேல்துண்டின் நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

வேதவதி குடத்தைக் கீழே வைத்தாள். மாமனார் எதிரில் அவள் பேசி அந்தச் சந்தில் ஒருவரும் கேட்டதில்லை.

"அற்புதம், அது தோல்தானே?"

அற்புதசாமி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சட்டென்று சுவர் பக்கம் திரும்பி, "ரங்கா, ரங்கா" என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தார், காதில் விழாமல் இருப்பதற்காக.

"ஆமாங்கம்மா. தோல்தான். என் செருப்புத் தோலு."

செருப்பு என்பதையும் ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லையாம். சொல்ல ஆரம்பித்த பிறகு பாதியில் நிற்கவில்லை. அவள் முகத்தில் அருவருப்பு வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குழாயைத் திறந்து, குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, மூன்று வாய் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். அது நிறைகிறவரை வாத்தியார் ரங்கா ரங்காவை நிறுத்தவில்லை.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் சொன்னாள்:

"என் குழந்தை குடிச்ச கிணத்துத் தண்ணியிலே தோல் படலை, அற்புதம்."